மாசம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி: டியூஷனுக்கா, சங்கத்துக்கா, அக்காவோட மோட்டர் சைக்கிளுக்கா?

மலேசியாவுல எங்க தமிழ்ப்பள்ளி பழைய பசங்க வாட்சப் குரூப்புல 40 பேரு இருக்கோம். தீபாவளிக்கு வாழ்த்து, யாராச்சும் செத்தா ஆழ்ந்த அனுதாபம், நடுவுல காலை வணக்கம் ரோஜாப்பூ, பல வருஷமா இவ்ளோதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன மாசம் ஒருத்தன் ராத்திரி பதினொரு மணிக்கு, டேய் ஆளுக்கு மாசம் 50 வெள்ளி போடுவோம்டா நம்ம ஊருக்கு ஏதாச்சும் செய்வோம்னு வாய்ஸ் மெசேஜ் விட்டான், அவன் அப்ப ரெண்டு கிளாஸ் உள்ள போட்டிருந்தான்னு ஒரு பேச்சு இருக்கு, இருந்தாலும் காலையில எழுந்து பாத்தப்பவும் ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு. 40 பேரு 50 வெள்ளின்னா (வெள்ளின்னா எங்க ஊரு ரிங்கிட்) 2,000. ஆனா நம்ம ஆளுங்களைத்தான் தெரியுமே, மூணாவது மாசமே பத்து பேரு டிரான்ஸ்பர் பண்ண மறந்துடுவாங்க, அதனால நான் 30 பேருன்னே வச்சு கணக்கு போடுறேன். மாசம் 1,500, வருஷத்துக்கு 18,000 வெள்ளி.

இதை எங்க போடுறது? இதுக்குத்தான் ரெண்டு வாரமா சண்டை. எல்லாரும் சொன்னதைக் கேட்டுக்கிட்டு, நானும் என் மனசுல இருக்குறதை ஒரேயடியா இங்க எழுதிடுறேன், வேற ஊர்லயும் இப்படி ஒரு குரூப்பு இருந்தா அவங்களுக்கும் உதவலாம்.

ஊரு பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். தெரியாதவங்களுக்கு, ஈப்போவுலேருந்து கோலகங்சார் போற வழியில இருக்கு, ஒரு காலத்துல சுத்திவர பால்மரக்காடு, இப்ப பாதிக்கு மேல செம்பனை. நாங்க பொறந்த லயங்கள்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) பலது இடிஞ்சு போச்சு, மிச்சம் இருக்குற லயத்துல ரிட்டயர் ஆன கிழவன் கிழவிங்க, வேலையில இல்லாததால எப்ப நோட்டீஸ் வரும்னு உட்கார்ந்திருக்காங்க. அவங்க பிள்ளைங்க தாமான்ல (டவுன் குடியிருப்பு) மலிவு வீட்டுல, வேலை வந்து ஸ்கூல்ல ஆஸ்பத்திரியில காண்ட்ராக்ட் கிளீனர், செக்யூரிட்டி கார்டு, ஈப்போ பக்கம் ஃபேக்டரி. தோட்டத்துல வெட்டுறதும் தூக்குறதும் இப்ப பெரும்பாலும் வெளிநாட்டுத் தம்பிங்கதான். அப்ப ஊருக்குச் செய்றதுன்னா இந்த மூணு கூட்டத்துக்கும் சேத்துத்தான் யோசிக்கணும், நம்ம நினைவுல இருக்குற காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களமும் பிள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயாக் கொட்டாயும் இப்ப அங்க இல்ல.

முதல்ல டியூஷன். குரூப்புல பாதிப் பேருக்கு மேல இதுதான் வேணும்ங்குறாங்க, அதுல தப்பே சொல்ல முடியாது. ஸ்ரீ முருகன் நிலையம்ங்குற டியூஷன் அமைப்பு 1982ல ஆரம்பிச்சதுலேருந்து எத்தனை தோட்டத்துப் பிள்ளைங்களை யுனிவர்சிட்டி வரைக்கும் ஏத்தி விட்டிருக்குன்னு நம்ம வீடுகள்லயே எண்ணிப் பாக்கலாம், என் தங்கச்சி அதுல ஒருத்தி. 18,000 வெள்ளிக்கு நல்ல வாத்தியாரு ரெண்டு பேரை வாரத்துக்கு ரெண்டு நாள் போட்டு ஒரு இருபது பிள்ளைங்களுக்கு பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சைக்கு கணக்கும் மலாயும் சொல்லிக் கொடுக்கலாம். ரிசல்ட் வரும், போட்டோ வரும், மனசுக்கும் நிறைவா இருக்கும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. நம்ம 40 பேருமே டியூஷன் படிச்சு மேல வந்தவங்கதான. நம்ம எங்க இருக்கோம்? ஷா ஆலம், ஜொகூர், சிங்கப்பூர், நான் ஈப்போ. ஊர்ல மிச்சம் இருக்குறது நாலு பேரு. படிச்சவன் ஊரைவிட்டுப் போறது அவன் குத்தம் இல்ல, வேலை இருக்குற இடத்துக்குப் போறான். ஆனா ஒவ்வொரு தடவையும் லயத்துல நல்லா பேசத் தெரிஞ்ச, பாரம் பூர்த்தி பண்ணத் தெரிஞ்ச பிள்ளையா பாத்து பஸ் ஏத்தி அனுப்பிட்டு, அப்புறம் ஊர்ல தலைவர் யாருமே இல்லையேன்னு நம்மளே பொலம்புறோம். டியூஷன் ஒரு குடும்பத்தைத் தூக்கி விடும், நோட்டீஸ் வந்த லயத்தை அது ஒண்ணும் பண்ணாது.

அடுத்தது சொந்தமா ஒரு சங்கம் பதிவு பண்றது. இதுக்கு ஆசைப்படுறவங்க நம்ம குரூப்புல மூணு பேரு, மூணு பேருமே தலைவர் ஆக ரெடி. சட்டப்படி பாத்தா பெரிய கஷ்டம் இல்ல, 1966ம் வருஷத்து சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரு இருந்தா போதும், ஒரு அமைப்பு விதி எழுதி ஆர்ஓஎஸ்ல (சங்கப் பதிவு இலாகா) விண்ணப்பம் போடலாம். அப்புறம் வருஷா வருஷம் ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள ரிப்போர்ட், கணக்கு, ஆடிட்டர். பதிவு இருந்தாத்தான் சங்கத்து பேர்ல பேங்க் அக்கவுண்ட், பதிவு இருந்தாத்தான் மித்ரா (இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவு) மாதிரி இடத்துல மானியம் கேக்க முடியும், மித்ராவுக்கு வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குறாங்கன்னு பேப்பர்ல படிக்கும்போது எல்லாருக்கும் கண்ணு பெருசாகுது, எனக்கும் ஆச்சு.

என் பயம் என்னன்னா, இந்த ஊர்லயே நான் இளவட்டமா இருந்தப்ப ஒரு சங்கம் இருந்துச்சு, பேரு வேணாம், நானும் அதுல துணைச் செயலாளர். முதல் வருஷம் அருமையா ஓடிச்சு, ரெண்டாவது வருஷம் மானியம் கிடைச்சுச்சு, மூணாவது வருஷம் அந்த மானியத்துக்கு ரிப்போர்ட் எழுதுறதுலயே போச்சு. தையல் கிளாஸுக்கு காசு வந்ததால தையல் கிளாஸ் நடத்தினோம், லயத்துல அப்ப தண்ணி வராம கெடக்குறாங்க, தண்ணிக்கு மானியம் இல்ல, அதனால தண்ணியைப் பத்தி நாங்க பேசல. இதை இப்ப நினைச்சா கூச்சமா இருக்கு. கடைசியில தலைவர் தேர்தல்ல நாற்காலி பறந்துச்சு. அந்தச் சங்கத்து பேனர் இன்னும் ஒருத்தர் வீட்டு ஸ்டோர்ல சுருட்டி கெடக்கு, அதுல தலைவர் மூஞ்சிதான் பெருசு, சங்கத்து பேரு கீழ சின்னதா.

ஒய்பிகிட்ட (நம்ம தொகுதி மக்கள் பிரதிநிதி) போய் கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. கேக்கலாம். பெரிய அட்டை செக்கை நாலு பேரு புடிச்சிக்கிட்டு போட்டோ எடுக்கலாம். கோயில் கூரைக்கும் ஸ்கூல் வேலிக்கும் அது சரிதான், இதுக்கு அது ஆகாது, ஏன்னா நாளைக்கு நம்ம ஆளுங்க அந்த ஒய்பிகிட்டயே போய் கேள்வி கேக்க வேண்டி வரும்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான ஆப்ஷன், ஏற்கனவே இந்த வேலையைச் செஞ்சிக்கிட்டு இருக்குற அமைப்புக்கே காசை கொடுத்துடுறது. நேர்மையா சொல்லணும்னா பத்து நாள் முன்னாடி வரைக்கும் என் ஓட்டு இதுக்குத்தான்.

தொழிற்சங்கம்னு எடுத்துக்கிட்டா தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1954ல பல சங்கங்கள் ஒண்ணு சேந்து உருவானது, பி.பி.நாராயணன் கட்டி எழுப்பினது. எங்க அப்பா சம்பளச் சீட்டுல சந்தா புடிச்சிருப்பாங்க, அதைப் பத்தி அவரு முணுமுணுத்துக்கிட்டேதான் இருப்பாரு, ஆனா சந்தா கட்டுன சங்கம்ங்குற உரிமையோட சத்தம் போட்டு கேள்வியும் கேப்பாரு. இன்னைக்கு பிரச்சினை என்னன்னா நம்ம சனங்க அந்த வேலையிலயே இல்ல, ஸ்கூல் கிளீனர் அக்காவுக்கு தோட்டச் சங்கம் என்ன பண்ணும்?

அப்புறம் நம்ம ஊரு கதையே இருக்கு. சோசலிஸ்ட் கட்சி (பிஎஸ்எம்) டாக்டர் ஜெயக்குமாரும் அவங்க கூட்டாளிங்களும் அலைகள்ங்குற அமைப்பு வச்சு 90கள்லேருந்தே தோட்டம் தோட்டமா போய் மீட்டிங் போட்டாங்க. 1999 தேர்தல்ல ஜெயக்குமார் நின்னு தோத்தாரு, 2004லயும் தோத்தாரு, 2008ல 1974லேருந்து இந்தத் தொகுதியை வச்சிருந்த ம.இ.கா. கட்சித் தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டுல தோக்கடிச்சாரு. வெளியூர்க்காரங்க அதை சுனாமின்னாங்க, 2007 நவம்பர் 25 இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு அப்புறம் வீசுன காத்துன்னாங்க. காத்து வீசுச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா காத்தடிக்கும்போது இங்க பாய்மரம் ஏற்கனவே நட்டு வச்சிருந்துச்சு, அதை நட்ட வருஷங்கள்ல ஒரு பேப்பர்க்காரனும் வரல. கட்சி உங்களுக்கு புடிக்குதோ இல்லையோ அது வேற பேச்சு (2018ல அவரும் தோத்தாரு, ஊரு அப்படித்தான்), மெதுவா செய்யுற வேலைன்னா என்னன்னு இந்த ஊரு கண்ணால பாத்திருக்கு.

நாட்டளவுல இருக்குற அமைப்பை குறைச்சு பேசக்கூடாதுன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரே ஒரு உதாரணம் போதும், பாராகுவாட்ங்குற களைக்கொல்லி. எங்க அம்மா மருந்தடிக்கிற கேங்குல இருந்தாங்க, தோளுல டேங்கு மாட்டிக்கிட்டு, மூஞ்சியில ஒரு துணி கட்டிக்கிட்டு, நகம் கறுத்து உதிரும், மூக்குல ரத்தம் வரும், டிரெஸர்கிட்ட (தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர்) போனா ஒரு பெனடோல். தோட்டத்துப் பொம்பளைங்களோட வேலை செஞ்ச ஐரீன் ஃபெர்னாண்டஸ் 1991ல தெனாகானித்தாங்குற உரிமை அமைப்பை ஆரம்பிச்சாங்க, அவங்களும் பினாங்குல இருக்குற பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் சேந்து மருந்தடிக்கிற பொம்பளைங்க சொன்னதை எழுத்துல கொண்டு வந்தாங்க. 2002ல தடைன்னு அறிவிச்சாங்க, 2006ல திரும்ப விட்டுட்டாங்க, கடைசியா 2020 ஜனவரி 1ம் தேதிதான் முழுத் தடை வந்துச்சு. இந்த வேலையை லயத்துல இருக்குற ஒரு அக்கா தனியா செய்ய முடியாது, அதுக்கு கோலாலம்பூர்ல ஆபீஸ் வேணும், டாக்டர் வேணும், வக்கீல் வேணும். ஆனா எங்க அம்மா மாதிரி ஆளுங்க வாயைத் திறந்து பேசலைன்னா அந்த ஆபீஸுல எழுத என்ன இருந்திருக்கும்? பேச வச்சது யாரு? அந்தந்த தோட்டத்துல ஒருத்தி இருந்திருப்பா, பயப்படாத நான் வர்றேன்னு கூட உட்கார்ந்தவ. அவ பேரு எந்த ரிப்போர்ட்லயும் வராது.

அங்கதான் என் மனசு மாறுச்சு. பெரிய அமைப்புக்கு 18,000 வெள்ளி போட்டா அவங்க கடல்ல அது ஒரு குடம். அந்த ஒருத்திக்கு அது மழை.

கூட்டுறவுன்னும் ஒருத்தர் சொன்னாரு, விட்டுடக்கூடாதுன்னு எழுதுறேன். நம்ம ஊர்ல பொறந்த, அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சப்ப, வெள்ளைக்காரன் தோட்டத்தை துண்டு துண்டா வித்துட்டு போய்க்கிட்டிருந்தான், தோட்டம் தோட்டமா போய் ஆளுக்கு மாசம் 10 வெள்ளி போடுங்கன்னு சொல்லி, அதைச் சேத்து தோட்டத்தையே வாங்குனாரு. அன்னைக்கு தினக்கூலிக்காரனுக்கு 10 வெள்ளின்னா எவ்ளோன்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னால நம்ம 50 வெள்ளி தூசு. ஆனா அது நிலம் வாங்குற வேலை. நம்ம 1,500 வெள்ளிக்கு இன்னைக்கு சுங்கை சிப்புட்டுல ஒரு கார் பார்க்கிங் கூட வாங்க முடியாது. அவரு கதையிலேருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, அதை கீழ சொல்றேன்.

இப்ப கடைசி ஆப்ஷன், ஏற்கனவே செஞ்சிக்கிட்டு இருக்குற ஆளுக்கே நேரா கொடுக்குறது. நம்ம எல்லாருக்கும் அந்த அக்காவை தெரியும், பேரு எழுதல, அவங்க கேட்டா திட்டுவாங்க. மூணாவது லயத்துல இருந்தவங்க, ஃபாரம் மூணோட படிப்பு நின்னு போச்சு, இப்ப தாமான்ல இருக்காங்க, ஒரு ஸ்கூல்ல காண்ட்ராக்ட் கிளீனர். யாருக்கு என்ன சூராட் (ஆபீஸ் கடுதாசி) வந்தாலும் அது அவங்க வீட்டுக்குத்தான் வரும். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி கிழவரைக் கூட்டிக்கிட்டு பதிவு இலாகாவுக்கு போறது அவங்க, ஸ்ட்ரோக் வந்தவருக்கு சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பாரம் எழுதுறது அவங்க, ஜேகேஎம் (சமூக நல இலாகா) உதவிக்கு போன் போட்டு போட்டு காது வலிக்கிறது அவங்களுக்கு, லயத்துல கரண்டு வெட்டப் போறோம்னு சொன்னப்ப பதினோரு வீட்டுக்காரங்களையும் கோயில் மரத்தடியில உட்கார வச்சு, யாரு பேசுறது யாரு பேசக்கூடாதுன்னு பிரிச்சு வச்சது அவங்க. யாரு பேசக்கூடாதுங்குறதுதான் முக்கியம்னாங்க, ஏன்னா நம்மள்ல ஒருத்தர் வாயத் திறந்தாலே கிராணியோட (தோட்டத்து குமாஸ்தா) அப்பன் பாட்டன் வரைக்கும் இழுப்பாரு, அப்புறம் பேச்சே முடிஞ்சிரும்.

ஒரு கணக்கு போட்டு பாத்தேன். குறைந்தபட்ச சம்பளம் இப்ப 1,700, அதை 26ஆல வகுத்தா ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். காண்ட்ராக்ட்ல லீவு எடுத்தா அன்னைக்கு சம்பளம் கட். மாசத்துக்கு நாலு நாள் அடுத்தவங்க வேலையா அலையுறாங்கன்னா 260 வெள்ளி அவங்க கையிலேருந்து போகுது. கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் மோட்டர்ல போக எண்ணெய், டயர், எல்லாம் ஒரு 150ன்னு வைங்க, போன் 40. ஆக மொத்தம் மாசம் 450. இத்தனை வருஷமா இந்த 450 வெள்ளியை நம்ம சனங்களுக்காக கட்டுனது ஒரு கிளீனர் அக்கா. நம்ம 40 பேரு, அதுல ரெண்டு பேருகிட்ட ஃபார்ச்சூனர் இருக்கு, போட்டது ரோஜாப்பூ.

இப்படி ஒரு ஆளால என்ன பெருசா ஆகும்னு கேக்குறவங்களுக்கு என் வீட்டுக் கதை ஒண்ணு. 2000த்து ஆரம்பத்துல எங்க தோட்டம் கைமாறுச்சு, ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டு அன்பளிப்புன்னு ஒரு தொகையை நீட்டுனாங்க, எங்க அப்பாவுக்கு 27 வருஷ வேலைக்கு 3,000 வெள்ளி. அப்பா கையெழுத்துப் போட பேனாவை எடுத்துட்டாரு. பக்கத்து வீட்டு சித்தி, சொந்தச் சித்தி இல்ல லயத்துச் சித்தி, கையைப் புடிச்சு நிறுத்துனாங்க. அவங்க ராத்திரியில ஆயாக் கொட்டாயில நடந்த தொழிலாளர் சட்ட வகுப்புக்கு போனவங்க, அங்க சொல்லிக் கொடுத்தது அவங்களுக்கு மனப்பாடம். 1980ம் வருஷத்து விதிப்படி வேலை நிறுத்தினா நஷ்டஈடு, ரெண்டு வருஷத்துக்குக் குறைஞ்ச வேலைன்னா வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், அஞ்சு வருஷத்துக்கு உள்ளன்னா 15 நாள், அதுக்கு மேலன்னா 20 நாள், புது முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாம வேலை தரலைன்னா அதுவும் வேலை நிறுத்தின கணக்குத்தான். 27 வருஷத்துக்கு 540 நாள் சம்பளம், அப்பாவுக்கு அப்ப இருந்த கூலிக்கே பத்தாயிரத்துக்கு மேல வந்துச்சு. ஆனா எத்தனை வருஷம் வேலை செஞ்சோம்னு காட்டணுமே, நடுவுல காண்ட்ராக்டர் பேர்ல மாத்தி விட்டிருந்தாங்க. சித்திகிட்ட அவங்க சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு மைலோ டின்ல இருந்துச்சு, முதல் மாசத்துலேருந்து, ரப்பர் பேண்டு போட்டு வருஷ வாரியா. அதைப் பாத்து மத்தவங்களும் பரண்ல, சாமி படத்துக்குப் பின்னாடி, அரிசி மூட்டைக்கு அடியில தேடித் தேடி எடுத்து, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு லோரி பிடிச்சு போனாங்க. கிடைச்சுச்சு. எங்க தாமான் வீட்டுக்கு முன்பணம் அந்தக் காசுதான்.

அன்னைக்கு லயத்துக்கு நாலு தலைவருங்க வந்தாங்க, எல்லாரும் நாங்க பாத்துக்கிறோம்னாங்க. பேனாவை புடிச்சு நிறுத்துனது சித்தி.

இன்னொண்ணும் யோசிச்சேன், பழைய வரலாறைப் பாத்தா தெரியும். 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத்துல வேலைநிறுத்தம் நடந்தப்ப அவங்க கேட்டது கூலி மட்டும் இல்ல, வெள்ளைக்காரன் எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்னும் கேட்டாங்க. வெள்ளைக்காரன் என்ன பண்ணான்? வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குன ஆர்.எச்.நாதனைப் புடிச்சு நாடு கடத்துனான். நம்ம ஊரு பேரு சரித்திரப் புத்தகத்துல வர்றது 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்துலயும் பக்கத்துலயும் மூணு தொரைங்களை சுட்ட கதைக்காக, அதுலேருந்துதான் எமர்ஜென்சின்னு அவசரகாலம். அதே ஜூன் மாசத்துலதான் தொழிற்சங்கச் சட்டத்தை மாத்தி, அந்தத் தொழில்ல மூணு வருஷ அனுபவம் இல்லாதவன் சங்கத்துல பொறுப்புல இருக்கக்கூடாதுன்னு வச்சான். அடுத்த வருஷம் மே 4ம் தேதி தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை புடு ஜெயில்ல தூக்குல போட்டான். எந்தக் கயிறை அறுத்தா கூடாரம் விழும்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. கட்டடத்துலயும் பேனர்லயும் அவனுக்கு அக்கறை இல்ல, ஆளைத்தான் தேடித் தேடி எடுத்தான்.

ஆனா இதே கதைதான் இந்த ஆப்ஷனோட பெரிய ஓட்டையும். ஒரு ஆளை நம்பி இருந்தா அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா முடிஞ்சுச்சு. யாரும் நாடு கடத்த வேணாம், அக்காவுக்கு சர்க்கரை இருக்கு, முழங்கால் வலி இருக்கு, மருமக பிரசவத்துக்கு போனாலே ஒரு மாசம் ஊரு அநாதை. அடுத்தது காசோட குணம். இன்னைக்கு வரைக்கும் அக்கா சொன்னா லயமே கேக்குறதுக்குக் காரணம் அவங்க யாருகிட்டயும் கை நீட்டாதது. நாளைக்கு மாசம் 450 வருதுன்னு தெரிஞ்சா, ஓஹோ சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் வர்றியான்னு ஒரு வாய் கேக்கும், கேக்காம இருக்காது, எனக்குத் தெரிஞ்சு அந்த வாய் எந்த வீட்டுல இருக்குன்னு கூட சொல்லலாம். இதைவிட மோசமானது நம்ம. காசு கொடுத்தா நமக்கு முதலாளி புத்தி வந்துடும். அக்கா இந்த மாசம் என்ன செஞ்சீங்க போட்டோ அனுப்புங்கன்னு சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு ஒருத்தன் கேப்பான், கேட்டா அன்னையோட அவங்க நம்ம வேலைக்காரி ஆயிடுவாங்க, லயத்து ஆளு இல்ல.

அதனால நான் ஓட்டு போடுறது இதுக்குத்தான், ஆனா சில கண்டிஷனோட. ஒருத்தருக்கு இல்ல, மூணு பேருக்கு. ஆளுக்கு 450ன்னா 1,350, மிச்சம் 150ல ஜெராக்ஸ், தேத்தண்ணி, ஸ்டாம்பு. அக்கா ஒண்ணு, மத்த ரெண்டு பேரை அக்காவும் லயத்து ஆளுங்களும்தான் சொல்லணும், நம்ம யாரும் என் மச்சான் இருக்கான்னு வரக்கூடாது. இதை சம்பளம்னு சொல்லக்கூடாது, போன நாளுக்குக் கூலி, ஓடின ஓட்டத்துக்கு எண்ணெய், போகாத மாசம் இல்ல. எவ்ளோ கொடுக்குறோம்னு கோயில் போர்டுல எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதி ஒட்டிடணும், ஒளிச்சாத்தான் வாய் பேசும். ரிப்போர்ட் நமக்கு வேணாம், லயத்துலயும் தாமான்லயும் மாசம் ஒரு தடவை உட்கார்ந்து அவங்களுக்குள்ள பேசிக்கட்டும், நம்ம போனா ஓரமா உட்காரலாம், மைக் புடிக்கக் கூடாது. வெளிநாட்டுத் தம்பிங்களுக்கும் பிரச்சினைன்னா அந்த உட்காருற இடத்துக்கு வரலாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும், என் ஆசை வரணும்னு, ஆனா அதை நான் ஈப்போவுல உட்கார்ந்து ஆர்டர் போட முடியாது.

சம்பந்தன் கதையிலேருந்து எடுத்ததுன்னு சொன்னேன்ல, அது இதுதான். ஒவ்வொரு வீடும் மாசம் 2 வெள்ளி போடணும். வேணாம் பாவம் அவங்களே கஷ்டப்படுறாங்கன்னு குரூப்புல உடனே சொல்லுவீங்க, தெரியும். எங்க அப்பா சந்தா கட்டுனதாலதான் சங்கத்துல சத்தம் போட்டாரு, தினக்கூலிக்காரன் 10 வெள்ளி போட்டதாலதான் அந்தத் தோட்டத்தை என் தோட்டம்னான். 2 வெள்ளி போட்ட கிழவிதான் அக்காகிட்ட போய், ஏம்மா என் சூராட் என்னாச்சுன்னு உரிமையா கேக்கும். நம்ம 1,500 என்னைக்காச்சும் நின்னு போகும், போகும்னே வச்சுக்குங்க, அன்னைக்கு அந்த 2 வெள்ளி அங்க இருக்கணும்.

பதிவு பண்ணாம இப்படிச் செய்றது சரியான்னு நம்ம குரூப்பு வக்கீல் கேட்டாரு, நியாயமான கேள்வி. முதல் ஒரு வருஷம் நம்ம சொந்தக் காசு, மூணு பேரு கையெழுத்துல ஜாயிண்ட் அக்கவுண்ட், வரவு செலவு குரூப்புல. வெளியில யாருகிட்டயும் நன்கொடை கேக்கப் போறதில்ல. ஒரு வருஷம் ஓடுச்சுன்னா, லயத்து ஆளுங்களே ஏழு பேரு சேந்து பதிவு பண்ணட்டும், அப்ப தலைவர் நாற்காலிக்கு நம்ம மூணு பேரும் போட்டி போட முடியாது, இதுவே எனக்கு பெரிய நிம்மதி. பெரிய அமைப்புங்களையும் விட வேணாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை அவங்களைக் கூப்பிட்டு இந்த மூணு பேருக்கும் சட்ட வகுப்பு எடுக்கச் சொல்லலாம், சித்திக்கு ஆயாக் கொட்டாயில நடந்த மாதிரி. டியூஷன் வேணும்ங்குறவங்க கோவப்படாதீங்க, தனியா நடத்துங்க, நானும் 20 வெள்ளி போடுறேன்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு நேர்ல போய் இதைச் சொன்னேன், அவங்ககிட்ட கேக்காம நம்மளே பேசிக்கிட்டு இருக்கோமேன்னு ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தேத்தண்ணி கலக்கிக்கிட்டே முழுசா கேட்டாங்க. 

"ஏன் தம்பி, எனக்கு இத்தனை வருஷமா காசு கேட்டேனா?"

இல்லக்கா, நீங்க கேக்கலன்னுதான் எங்களுக்கு வெக்கமா இருக்குன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, மூணு பேருன்னியே அது சரி, ரெண்டாவது ஆளு நான் சொல்றேன், எதிர் வீட்டுப் பொண்ணு, ஃபாரம் ஆறு முடிச்சிட்டு கிளினிக்குல கவுண்டர்ல இருக்கு, மலாய் நல்லா எழுதும், ஆபீஸர்கிட்ட பேசும்போது கை நடுங்காது, எனக்கு இன்னும் நடுங்குது தம்பி. மூணாவது ஆளு ஆம்பளையா ஒண்ணு வேணும், ராத்திரி மீட்டிங்குக்கு, குடிக்காத ஆளா பாக்கணும், அதுக்குத்தான் கொஞ்சம் நாளாகும். சிரிச்சாங்க. 2 வெள்ளி விஷயம் அவங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, ஆனா எழுதுற நோட்டு அவங்க வீட்டுல இருக்கக்கூடாதாம், மாசத்துக்கு ஒரு வீடா மாறணுமாம். இது எனக்குத் தோணவே இல்ல.

கெளம்பும்போது மோட்டரைக் காட்டுனாங்க, பின் டயர் வழுக்கையா இருந்துச்சு. அதை மட்டும் இந்த வாரமே மாத்திடுவோம், ஓட்டெடுப்புக்கு எல்லாம் காத்திருக்க முடியாது, மழைக்காலம் வருது. டயர் 90 வெள்ளி, நான் போட்டுட்டேன். மத்ததுக்கு வர்ற சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு குரூப் கால், இதுவரைக்கும் 22 பேரு சரின்னு சொல்லியிருக்கீங்க, வாய்ஸ் மெசேஜ் விட்டவன் மட்டும் இன்னும் பதில் போடல.